வழியில் இருப்பவருக்கு அடித்த போன்

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு காலை, சூரியநெல்லி பக்கம் நாங்கள் குடியிருக்கும் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், நடந்தது இது.

நான் கொழுந்து பறிப்பவள். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்தால் காலை ஆறரைக்குத் தேயிலைக்காட்டுப் பாதையில் நடந்து வருவார். எங்கள் பக்கம் காட்டு யானை வந்து போகிற இடம். அது எங்கே நிற்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார்கள். செய்தி வந்தால், வழியில் இருக்கிறவருக்கு யாரும் போன் அடிக்கக் கூடாது. சத்தம் கேட்டால் யானை அவர் பக்கம் திரும்பிவிடும். லயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் நான் பிறவிக் கவலைக்காரி. அந்த வாரம்தான் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, கவலையை எல்லாம் ஆண்டவரிடம் விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லியிருந்தேன். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அன்று அவர் வரும் பாதையில் யானை நிற்பதாகச் செய்தி வந்தது. அதே குழுவில் அவரும் இருக்கிறார், அவருக்கும் செய்தி போயிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. முழங்கால் போட்டு, அவரைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். ஆமென் சொன்ன வாய் மூடவில்லை, கை போனை எடுத்துவிட்டது. மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

எட்டு மணிக்கு உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றார். முழங்கை உரிந்திருந்தது. யானையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, செடி மறைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அது அவரைக் கவனிக்காமல் கடந்துபோகிற நேரம் பார்த்துத்தான் சட்டைப்பையில் என் போன் அடித்திருக்கிறது. யானை திரும்பி வர, பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து போனை அணைத்திருக்கிறார். அது மேலேயே நின்று மோப்பம் பிடித்துவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் போயிருக்கிறது.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போன் அடித்தேன் என்று சொல்லி அழுதேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஆண்டவர்ட்ட சொல்லிட்டேல்லா? பெறகு என்னத்துக்கு எனக்கு போன் அடிச்ச?"

காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சியவளும் நான்தான், யானைக்குக் காட்டிக்கொடுத்தவளும் நான்தான். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மனதைப் பழக்க ஆரம்பித்தேன். செய்தி வந்தால் ஒரே ஒரு தடவை ஜெபம். பிறகு போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். முதல் தடவை, கழுவின பாத்திரத்தையே மூன்று முறை கழுவினேன். இப்போது ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் கதவைத் தள்ளும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆமென் சொன்ன பிறகு கையைச் சும்மா வைத்திருப்பதுதான், இன்றுவரை நான் படித்துக்கொண்டிருக்கிற விசுவாசம்.