விதைப்புக்கு முன் தருவதாகச் சொன்ன கற்கள்

போன வாரம் பல் மருத்துவர் என் வாய்க்கு அச்சு எடுத்தார். உதவியாளர் வெள்ளை மாவைத் தண்ணீரில் குழைத்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை எழுந்தது. வாயைத் திறந்தபடியே நினைவில் ஏற்காட்டுக்குப் போய்விட்டேன். பல்வலிக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு.

தொண்ணூறுகளின் தொடக்கம். வேதியியல் டிப்ளமா முடித்த கையோடு, ஓர் அறக்கட்டளையின் சின்ன மியூசியத்தில் வேலை. பழைய எஸ்டேட் பங்களா. உள்ளே இருந்தவற்றை இப்போதும் வரிசையாகச் சொல்வேன்: காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம், ஒரு காது போன காட்டெருமைத் தலை, பட்டாம்பூச்சிப் பெட்டிகள், எதற்கென்றே தெரியாத ஒரு பித்தளைக் குழாய். பூஞ்சை துடைப்பதும், பொருள்களுக்குப் பிளாஸ்டர் மாவில் அச்செடுப்பதும் என் பொறுப்பு. சேலத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் உள்ளே வருவார்கள். மலைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அறக்கட்டளைச் செயலாளருக்கு அது தீராத கவலை. நல்ல மனிதர். "ஊர்க்காரங்க வராத மியூசியம் வெறும் குடோன்தாம்மா" என்பார். அதனால்தான் மாரமங்கலத்தைத் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போய், மரத்தடிப் பிள்ளையார் முன் கிடந்த கற்களைக் கேட்டு வாங்கி வந்தார். உள்ளங்கை அளவில், கறுப்பாய், வழவழப்பாய் இருந்தன. ஆதி மனிதர்கள் தேய்த்துச் செய்த கோடரிகள் அவை. ஊருக்கோ சாமி. கோடை மழை விழுந்ததும் அவற்றுக்கு விளக்கெண்ணெய் பூசி, முதல் கைப்பிடிச் சாமையை மேலே தூவிய பிறகுதான் ஏர் பூட்டுவார்கள். பூசை செய்யும் சடையன், ஊருக்குத் தானே பொறுப்பென்று சொல்லி, கற்களை எடுத்துக் கொடுத்தார். விதைப்புக்கு முன் திருப்பித் தருவதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்தார்.

அதன்பின் மலைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டியைக் கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றப் போக, நான் பாய்ந்து தடுத்தேன். "பாத்தியாம்மா, சனம் வருது!" என்று செயலாளர் பூரித்தார்.

கோடை முற்ற முற்ற வாசலில் செருப்புகள் கூடின. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. பெட்டியைச் சுற்றி நிற்பார்கள், பார்ப்பார்கள், போவார்கள். இடுப்பிலிருந்த குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. செயலாளர் கூடுதல் பெஞ்சுகள் போடச் சொன்னார்.

முதல் மழை விழுந்த மறுநாள் சடையன் வந்தார்.

"ஏனுங்க, மழ விழுந்துருச்சுங்க. சாமியக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவனுங்க."

"கொஞ்ச நாள் இருக்கட்டும் சடையா. கல்லு போனா சனமும் போயிரும்."

"ஊரே ஏர் பூட்டாம நிக்குதுங்க. எங்க ஊட்டுக்காரியக் கெணத்துல தண்ணி சேந்த உடமாட்டீங்கறாங்க."

செயலாளர் யோசித்து ஒரு வழி கண்டார். கற்களுக்கு அச்செடுத்து, அதே போல மாவுக் கற்கள் செய்ய வேண்டும். சடையன் அவற்றைக் கொண்டுபோகலாம். மழையில் ஊறிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "கறுப்புப் பெயிண்ட் அடிச்சிரும்மா" என்றார். அடித்தேன். அசலைவிட அசலாக இருந்ததில் எனக்கு அற்பப் பெருமைகூட.

சடையன் ஒன்றைக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். "நொம்ப நல்லாத்தான் செஞ்சிருக்க கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செயலாளரைப் பார்த்தார். "இதையே கண்ணாடிக்குள்ள வெச்சுக்கலாமுங்களே?"

"பாக்க வர்றவங்கள ஏமாத்தச் சொல்றியா?"

சடையன் மாவுக் கல்லை மேஜையில் வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. அந்த ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த பால்காரம்மா வருவதை நிறுத்தினார். பிறகு மியூசியக் காவல்காரரும். மனம் கேளாமல் அந்த ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன். மழை ஓய்ந்தும் சாமைக்காடுகள் உழாமல் கிடந்தன. சடையன் வீட்டு வாசலை முள் போட்டு அடைத்திருந்தார்கள். "ஊருல சேத்துக்கலீங்க. கர்நாடகாப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போயிட்டாங்க" என்றார் கண்டக்டர்.

சில வருஷங்களில் மியூசியத்தை மூட வேண்டி வந்தது. கற்களை ஒரு துண்டில் முடிந்துகொண்டு செயலாளரும் நானும் அந்த ஊருக்குப் போனோம். சாமைக்காடு ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கும் காப்பிச் செடியும் நிழலுக்குச் சில்வர் ஓக் மரமும். ஓர் அம்மா உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். முடிச்சை அவிழ்த்ததும் பார்த்தார், தொடவில்லை.

"எண்ண பூச ஆளில்லீங்க. சாமையும் யாரும் போடறதில்லீங்க. நீங்களே வெச்சுக்குங்க."

வீடு வீடாகக் கேட்டோம். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். எல்லோரும் அதையே, அதே மரியாதையோடு சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் செயலாளர் முடிச்சை மடியில் வைத்திருந்தார். ஏற்காடு நெருங்கும்போது மெல்லக் கேட்டார்: "இத எங்கம்மா எறக்கி வைக்கிறது?"