வானம் ஜோரா விழுந்த படம்

இப்ப உள்ள பிள்ளைகள் போனைத் தூக்கிப் புடிக்கிறாங்க. வானமும் தெரியுது, ஆளும் தெரியுது. உடனே பெரிய போட்டோகிராபர்னு நெனப்பு. பிலிம் காலத்துல ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும். எது வேணும்னு தீர்மானிக்கத்தான் மனுசனுக்கு மூளை.

எங்க ஸ்டூடியோ முதலாளிக்கு அது இல்ல. மாத்தளை டவுன்ல அவருக்கு ‘மேகம் முதலாளி’ன்னே பேர். வாசல் கண்ணாடி அலமாரி பூரா அவர் எடுத்த மேகம்தான்.

அறுபதுகள்ல ஒரு தை மாசம். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற பார்வதி செத்துப்போனா. உசிரோட இருந்தப்ப ஒரு படம் எடுத்ததில்ல. மக செல்லம்மா எங்களுக்கு ஆளனுப்பினா. தூக்கிறதுக்கு முந்தி, சவப்பெட்டியைச் சுத்திச் சொந்தக்காரங்க நின்னு படம் எடுக்கிறது அங்க வழக்கம். அவங்க குடியிருந்த லயத்து வாசல்ல பெட்டியை வச்சு, முகம் தெரிய தலைமாட்டை உசத்தினாங்க. தலை தெக்கதான் இருக்கணும், திருப்ப விடமாட்டாங்க. முகத்துக்குப் பின்னால தெக்க வெறும் வானம். கண்ணு கூசுது.

நான் ஸ்டூடியோவுல பிரிண்ட் போடுறவன், கூடப் போயிருந்தேன். “முதலாளி, முகத்துக்கிட்ட லைட் மீட்டரைப் புடிங்க. வானம் வெளுத்தா வெளுக்கட்டும். இல்லாட்டி பிளாஷ் பல்பு போடுங்க”ன்னேன்.

“பட்டப்பகல்ல பல்பு எரிச்சா சனம் சிரிக்கும்டா. மேகத்தைப் பாரு, பஞ்சு மாதிரி! எனக்கே தொழில் படிச்சுக் குடுக்கிறியா?”

மேகம் எடுப்பாத் தெரிய மஞ்சள் பில்டரை மாட்டி, வானத்துக்கு அளவு வச்சு அமுக்கினார் மகராசன்.

கழுவிப் பார்த்தா, நெகட்டிவ்ல முகம் இருக்க வேண்டிய இடம் ஒண்ணும் பதியாம வெறும் கண்ணாடி மாதிரி கெடக்கு; பிரிண்ட்ல கறுப்பாத்தான் விழும். பேப்பரை மாத்தி மாத்திப் போட்டேன். இல்லாத முகத்தை எங்கேருந்து கொண்டாறது? மேகம் மட்டும் ஜோரா விழுந்திருந்துச்சு.

செல்லம்மா டவுனுக்கு வந்தா. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“எங்கம்மா எங்கங்க?”

“நடுவுல கறுப்பா இருக்குல்ல, நல்லா உத்துப் பாரும்மா. வானம் எப்படி வந்திருக்கு பாத்தியா?” வெக்கங்கெட்ட மனுசன்!

“வானத்தை நாங்க மலையில தெனமும் பாக்கிறோங்க. எங்கம்மாவ இனி எங்க போய்ப் பாக்கிறது?”

படத்தை மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டா. மறுவாரம் அந்தாளு கீழ்ப்பாதியை வெட்டிட்டு மேகத்தை மட்டும் பெருசாக்கி அலமாரியில வச்சார். போறவன் வாறவனெல்லாம் நின்னு பாராட்டினான்.

அதுக்கப்புறம் நானே கேமரா புடிச்ச காலம் பூரா, முகத்துக்குத்தான் அளவு வச்சேன். என் படங்கள்ல வானம் வெறும் வெள்ளைத்தாள். யாராவது குறை சொன்னா, “வெளிய போய் அண்ணாந்து பாருங்க, அங்கேயேதான் இருக்கு”ன்னு சொல்லி அனுப்பிடுவேன்.