வரிசை மாறிய ஆறு வரிகள்

அன்று மதியம் பனியன் கம்பெனி ஆபீசில் மேனேஜர் இருந்தார், கட்டிங் மாஸ்டர் இருந்தார், கம்ப்யூட்டர் முன்னால் நான் இருந்தேன். குடோன்காரர் இல்லை. தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி வேண்டுமென்று காங்கேயம் போயிருந்தார். அவரிடம் செல்போனும் கிடையாது.

கட்டிங் மாஸ்டருக்கு வான்நீலத் துணி ஆறு ரோல் உடனே வேண்டும். குடோனில் நீல ரேக் காலி. கம்ப்யூட்டரில் இருந்த சரக்கு லிஸ்டைப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். எங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ்தான். அசெம்பிள் செய்தவர் செலவில்லாமல் போட்டுத் தந்தது. அதில் 'லுக்' என்றொரு கட்டளையை நானாகவே நோண்டிக் கண்டுபிடித்திருந்தேன். லாட் எண்ணின் முதல் இரண்டு எழுத்தைக் கொடுத்தால் போதும், அப்படித் தொடங்கும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் அதே வேகம். எப்படி என்று மட்டும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தெரியாததைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது உண்டு.

வான்நீலம், அதாவது ஸ்கை புளூ லாட்டெல்லாம் எஸ், கே என்றுதான் தொடங்கும். எஸ், கே என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

"இல்லீங்க சார்."

அது போதுமானதாக இருந்தது. குடோன்காரர் திருட்டுத்தனமாக வெளியே விற்றுவிட்டிருப்பார் என்றார் மாஸ்டர். வீரபாண்டி சாயப்பட்டறைக்குப் போன் போனது: அதே கலர், ஆறு ரோல், அர்ஜென்ட்.

மறுநாள் காலை குடோன்காரர் வந்து, குடோன் வாசலோரம் கிடந்த தார்ப்பாயைத் தூக்கினார். ஆறும் அடியில் இருந்தன. அர்ஜென்ட் துணியைக் கைக்கெட்டும் வாசலில் அல்லாமல் வேறெங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. லிஸ்டில் ஏற்றக் கொடுக்காதது அவர் தப்பு, சாயக்கூலியை அவர் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

"நாங் குடுத்தனே கண்ணு. நீதான அடிச்ச?"

அடித்தது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஃபைலைத் திறந்தேன். முதல் ஆறு வரிகளும் அவைதான். அவர் நோட்டில் அவசரமானதை எப்போதும் மேலே எழுதுவார். இதையும் அப்படியே மேலே போடச் சொன்னார், போட்டிருந்தேன்.

பயப்பட வேண்டிய நேரம். எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. பத்து வரியில் ஒரு சின்ன ஃபைல் செய்து, எஸ் வரியை மேலே வைத்துத் தேடினேன்: பதிலே இல்லை. ஏ, பி, சி வரிசைப்படி அதன் இடத்தில் வைத்தேன்: வந்தது. நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். லுக் எல்லா வரியையும் படிப்பதில்லை. நாம் டெலிபோன் டைரக்டரியில் பேர் தேடுகிற மாதிரி நடுவில் திறக்கிறது. எஸ் இதற்குப் பின்னால்தான் என்று கண்டதும் முன்பாதியைத் தொடாமலே விட்டுவிடுகிறது. வரிசையை அப்படி நம்புகிறது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"பாதிய படிக்காமயே இல்லைன்னு சொல்லுமா அது?"

"சொல்லுங்க சார். வரிசையக் கலைச்சது நாந்தானுங்க."

பின்னால் நின்ற குடோன்காரர், "நானாச்சும் ரேக்கு பூராத் தேடிட்டுத்தான் இல்லீம்பேன்" என்றார்.

மேனேஜர் சாயக்கூலி பிடிக்க எழுதியிருந்த வவுச்சரில் குடோன்காரர் பேரை வெட்டிவிட்டு என் பேரையும் கம்பெனி பேரையும் சேர்த்து எழுதினார், பாதிப் பாதி. அதற்குள் வீரபாண்டியில் துணி சாயத்தில் இறங்கிவிட்டது. கூடுதலாக வந்த அந்த ஆறு ரோலை லோக்கல் பனியன்காரருக்கு விற்றது போக நஷ்டம் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.