உப்புத் தண்ணீரில் நனைந்த வெள்ளி

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. ஐப்பசி மழைக்காலம் என்பது மட்டும் நிச்சயம். திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். பன்னிரண்டு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை என்கிற மிதப்பு எனக்கு அப்போது நிறையவே உண்டு.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற ஒரு அக்கா வந்தார். என் வயதுதான் இருக்கும். வலது ஆள்காட்டி விரலில் கெளுத்தி முள் குத்தியிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி, வலி குறைந்ததும் நிறுத்தி, மறுபடி வாங்கி, மறுபடி நிறுத்தி, எங்களிடம் வந்தபோது விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எங்களிடம் இருந்த எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி அசையாது என்று ரிப்போர்ட் வந்தது. இன்னும் பரவினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

"வெரல எட்த்துட்டா மீன எப்டி புடிச்சி அறுக்கறது சிஸ்டரு?" என்று அவர் என்னிடம்தான் கேட்டார்.

டாக்டர் எங்கிருந்தோ மூன்று கட்டுத் துணிகள் வரவழைத்தார். வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக்கிப் படிய வைத்த துணி. மாத்திரைக்கு மசியாத கிருமியையும் அது கொல்லுமாம். ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். மூன்று நாளைக்கு ஒன்று. நனைத்துக் கட்டுவது என் வேலை. கூடவே வந்த தாளை நான் படிக்கவில்லை. கட்டுப் போட எனக்குத் தாள் எதற்கு?

இரண்டு துணி தீர்ந்தும் சீழ் குறையவில்லை. இரண்டாவது கட்டைப் பிரித்தபோது உள்ளே மணல் இருந்தது. விசாரித்தேன்.

"காஞ்சிகினே இருந்திச்சி சிஸ்டரு. நீதான ஈரமா வச்சிக்க சொன்ன? கடல் தண்ணி ஊத்திகினேன். எங்க வூட்ல எந்தக் காயத்துக்கும் அதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "உனக்கு விரல் வேணுமா வேணாமா?" என்று கத்தினேன். அவர் முந்தானையால் கையை மூடிக்கொண்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். உப்புப் பட்டால் அது வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், கிருமியைக் கொல்ல வெள்ளி மிஞ்சாது என்றார். சொன்னபடி நடக்காதவருக்கு மிச்சமிருக்கும் ஒன்றையும் வீணாக்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடலாம் என்று கடிதம் எழுத அறைக்குப் போனார்.

நான் சாதாரணக் கட்டுப் போட ட்ரேயை இழுத்தேன். கை தானாக சலைன் பாட்டிலை எடுத்தது. சலைன் என்றாலே உப்புத் தண்ணீர்தானே. இரண்டு துணியையும் நான் அதில்தான் நனைத்திருந்தேன். அவர் கடலுக்குப் போகும் முன்பே வெள்ளியை நான் கெடுத்து வைத்திருந்தேன்.

அது யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நினைத்ததும் உண்மை. ஆனால் அந்த விரல் என் உள்ளங்கையில் சுட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, தப்பு என்னுது. நானும் உப்புத் தண்ணியிலதான் நனைச்சேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என்னையே பார்த்தார். "அப்போ ரெண்டு பேருமா சேந்து உப்புதான் போட்டுகினு இருந்தோமா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டராண்ட சொல்லிக்காத. உன் வேலைக்கு பேஜாராயிடும். நான் ஊத்துனதாவே இருக்கட்டும்" என்றார். போகப்போவது அவர் விரல். கவலைப்பட்டது என் வேலைக்காக.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதிய கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்தார். கடைசித் துணியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துக் கட்டினேன். வீட்டுக்கும் ஒரு பாட்டில் கொடுத்து, ஏன் இதை மட்டும் ஊற்ற வேண்டும் என்று இந்த முறை உட்கார்ந்து சொன்னேன்.

மூன்றாம் நாள் சீழ் பாதியாகியிருந்தது. டாக்டர் மேலும் துணி வரவழைத்தார். மழை விடுவதற்குள் புண் ஆறிவிட்டது. விரல் முழுதாக மடங்கவில்லை, அவ்வளவுதான். பிறகொரு நாள் டோல்கேட் மார்க்கெட்டில் மீன் அறுத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் அந்த விரலை ஆட்டி, "இன்னா சிஸ்டரு, இன்னிக்கி யாருக்கு உப்பு போட்டே?" என்றார்.

இன்றும் ஒரு நோயாளியைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், முதலில் என் கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளைப் படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.