எண்ணெய்க் கையும் மஞ்சள் சிறகும்

எங்கள் வீட்டு மர அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிற்கும். உள்ளே தின்பண்டம் இருக்கிறது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இருந்தவை வண்ணத்துப்பூச்சிகள். எறும்பு அண்டாமலிருக்க என் மனைவி செய்த ஏற்பாடு அது. கடலை மிட்டாய்க்குக்கூட எங்கள் வீட்டில் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. சாரல் காலத்தில் குற்றாலம் போகிற பஸ்களில் அடிபட்டு விழும் பூச்சிகளை மட்டுமே அவள் எடுப்பாள். உயிரோடு ஒன்றையும் பிடிக்கமாட்டாள். விறைத்துப்போனதை ஈர மணல் போட்ட தூக்குவாளியில் ஒரு நாள் மூடிவைத்தால் இளகிவிடும். பிறகு நெஞ்சில் ஊசி குத்தி, நடுவில் பள்ளம் விட்ட, தக்கை மாதிரி மெத்தென்ற நெட்டிப் பலகையில் உடலை இறக்குவாள். ஊசி முனையால் சிறகை நகர்த்தி விரித்து, மேலே காகிதப் பட்டை வைத்துக் காயவிடுவாள். அப்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள். நான் தும்மிவிட்டால் போச்சு, அன்று குழம்பில் உப்பு இருக்காது.

உயர்நிலைப் பள்ளி வாத்தியார் ஒருவர் இதைப் பார்த்து அசந்துபோய், ஒன்பதாம் வகுப்பில் மாட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி கேட்டார். அவள் எட்டு முடித்த கோடையில் பெரியவளானாள். அதோடு படிப்பு நின்றது. அவள் தம்பி அதே பள்ளிக்கூடத்தில் கடைசிவரை படித்து ராணுவத்துக்குப் போனான்.

"நான் போகாத கிளாஸுக்கு என் பெட்டியாவது போகட்டும்" என்றாள்.

பெட்டியின் நடுவிடம் மட்டும் காலி. மஞ்சள் பின்சிறகு உள்ள, கையகலக் கறுப்புப் பூச்சிக்காக அதை விட்டுவைத்திருந்தாள். கிடைத்தவையெல்லாம் கிழிந்தவை.

லீவில் வந்த தம்பி குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான். திரும்பும்போது தலைகூடத் துவட்டாமல் ஓடிவந்தான்.

"எக்கா, இங்கன பாரு! ஒரு கீறல் இல்ல!"

துண்டைப் பிரித்தான். பூச்சி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மஞ்சள், வடை மடித்த காகிதம் மாதிரி ஊறிப்போயிருந்தது. மேலெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும் வழியில் கண்டிருக்கிறான்.

"ஏலே, எண்ணெய்க் கையோடயா எடுத்த?"

தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இங்கே படைவீரன் அக்காவுக்கு அஞ்சி நின்றான். "என்னைப் படிக்க வச்சாவ, உன்னை நிறுத்திட்டாவ. இதாவது நான் கொண்டுவரணும்னு..." என்று இழுத்தான்.

"சரி சரி, முதல்ல காப்பியக் குடி" என்றாள்.

மறுநாள் என்னிடம் ஒரு பாட்டில் பெட்ரோல் கேட்டாள். எனக்குப் பகீரென்றது. பட்டுச்சேலையில் எண்ணெய் பட்டால் பெட்ரோலில் அலசுவார்கள் என்று எப்போதோ கடைக் கதையாகச் சொல்லியிருந்தேன். நான் சொன்னதில் வீட்டில் எடுபட்டது அது ஒன்றுதான். அடுப்புப் பக்கமே போகாமல் பின்கட்டு வெளியில் உட்கார்ந்தாள். உதவாத சின்னப் பூச்சி ஒன்றில் எண்ணெய் தடவி, பீங்கான் கிண்ணத்துப் பெட்ரோலில் முக்கி, சாக்குக்கட்டித் தூளில் கிடத்தினாள். எண்ணெய் போனது, நிறம் நின்றது. அதற்குப் பிறகுதான் பெரியதைத் தொட்டாள். அவசரக்காரனான எனக்கு அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மஞ்சள் பழையபடி பளிச்சென்று எழுந்தது.

ஒரு விடுமுறை நாளில் வாத்தியார் வகுப்பைத் திறந்துவிட்டார். தம்பிதான் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டினான். அவள் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"போவோமா?" என்றேன்.

"இருங்க. இங்கன இருந்து பாத்தா நல்லாத் தெரியுது."

தம்பி சுத்தியலைக் கீழே வைத்தான். "எக்கா, நான் இருந்த எடம் அதுதான்" என்றான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து, அவனுக்கும் இடம் விட்டாள்.