ஒரு வீட்டில் இரண்டு நிறம்

எதைக் கையில் கொடுத்தாலும் எடை அத்தை அதை உடனே கீழே வைக்க மாட்டாள். உள்ளங்கையில் ஒரு நொடி நிறுத்தி, லேசாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்த பிறகுதான் வைப்பாள். வெங்காயப் பையானாலும் சரி, சாவிக்கொத்தானாலும் சரி, பதினோரு வருஷமாக இப்படித்தான். கடைக்காரர் தராசில் ஒரு கண்ணும் இவள் முகத்தில் ஒரு கண்ணுமாகவே பருப்பு நிறுப்பார். பிறந்த குழந்தையைக் கொடுத்தால்கூடக் கொஞ்சுவதற்கு முன்னால் நிறுத்துவிடுவாள் என்று, லாரி மெக்கானிக்கான அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி செய்வார். அவள் மறுத்ததில்லை. உண்மை அதுதானே.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் வேலை. தனக்கென்று ஒதுக்கிய நான்கு தெருக்களில் வாரந்தோறும் வீடு வீடாகப் போய், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எடை பார்க்க வேண்டும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் வரிசைகட்டி நிற்கும். அவளுக்குப் பெயர் வைத்ததும் அந்த வாண்டுகள்தான்.

அந்த வருஷத்து ஆய்வு வயிற்றுப்போக்கைப் பற்றியது. தினமும் ஒரு வேளை சிரப் கொடுத்தால் அது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டில்களில் சில சிவப்புச் சீட்டு, சில நீலச் சீட்டு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் இனிப்புத் தண்ணீர். எதில் எது என்று எடை அத்தைக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் முறை. எந்தக் குழந்தைக்கு எந்த நிறம் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சிவப்பும் தங்கைக்கு நீலமும் விழுவதுண்டு. பெரிய பிள்ளைக்கு ஒரு ஸ்பூன், இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் அரை ஸ்பூன். மாதக் கடைசியில் மிச்சத்தோடு பாட்டிலைத் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவது மாதம், தையற்காரி வீட்டில் இரண்டு பாட்டில்களை வாங்கிய எடை அத்தை அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கையிலும் ஒரே கனம். சின்னவளுடையது பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டிலும் கால் பாட்டில்தான் இருந்தது. இரண்டு நிறம் விழுந்த மற்ற மூன்று வீடுகளிலும் அதே கதை. திரும்பவும் தையற்காரியிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

தையற்காரி மிஷினை நிறுத்தவில்லை. "ஒண்ணுல மருந்து, ஒண்ணுல சும்மா தண்ணின்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? எதுல எதுன்னு உங்களுக்கே தெரியாது. அப்போ ரெண்டுல ஒரு பிள்ளையை நானே ஏமாத்தறதா? அதான் அதுல ஒரு ஸ்பூன், இதுல ஒரு ஸ்பூன் டம்ளர்ல ஊத்திக் கலக்கி, ஆளுக்குச் சரிபாதி."

மற்ற வீடுகளுக்கு இந்த யோசனையைச் சொன்னவளும் தான்தான் என்று பெருமையாக வேறு சேர்த்துக்கொண்டாள்.

எடை அத்தைக்குத் திட்ட வாய் வரவில்லை. ஒரு பிஸ்கட்டைக்கூடக் கோடு போட்டது போல் உடைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அவளும்தான். ஆனால் அதற்கு முந்தின வருஷம் கணக்கு சரியில்லை என்று சில தெருக்களையே ஆய்விலிருந்து நீக்கினார்கள். அங்கே வேலை பார்த்தவள் தராசை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சொன்னால் தன் நான்கு தெருவும் போகலாம், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால், இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாமல், நல்ல மருந்தைக்கூட ஒன்றுக்கும் உதவாது என்று எழுதிவைப்பார்கள். கணவரிடம் சொன்னாள். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "நிறுத்தது நிறுத்தபடி எழுதறவதானே நீ" என்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் வாய் திறந்தால் அது "ஆமாங்க டாக்டர்" என்பதற்காகத்தான் இருக்கும். அன்று எழுந்துபோய், ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் இரண்டு கையிலும் கைக்கொரு பாட்டிலை வைத்தாள்.

"கையில பிடிச்சுப் பாருங்க டாக்டர். சிவப்பு பெரியவனோடது. நீலம் சின்னவளோடது."

டாக்டரம்மா ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். எத்தனை வீடு என்றார். நாலு என்றாள். அப்போது வேறு தெருக்களில் எடை பார்க்கும் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, தன் பாட்டில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தன்னிடமும் இதே மாதிரிதான் இருக்கிறது என்று முனகினாள். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தது. எல்லாத் தெருவிலும் தாய்மார்கள் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டு வருஷம் உக்காந்து போட்ட திட்டம். ஒரு டம்ளர் கவுத்துடுச்சு" என்றார். எந்தத் தெருவையும் நீக்கவில்லை.

மறுநாள் அவரே எடை அத்தையோடு தையற்காரி வீட்டுக்கு வந்தார். அவரைக் கண்டதும் தையற்காரி, "போட்டுக்கொடுத்துட்டீங்களாக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்தார்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ரெண்டு நிறம் அனுப்பினது எங்க தப்பு. எனக்கும் ரெண்டு பசங்க."

கலந்து கொடுத்ததால் குழந்தைகளுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றார். இனிமேல் ஒரு வீட்டுக்கு ஒரே நிறம், கணக்கை முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். தையற்காரியின் முகம் இறங்கி வந்தது. மிச்சம் இருந்தால் பிள்ளைகளின் அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆய்வு போன வருஷம் முடிந்தது. மருந்து இருந்தது சிவப்பில்தான். சிவப்பு வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தது. தையற்காரி வீட்டுக்கு விழுந்தது நீலம். ஒரு வாரம் புலம்பித் தீர்த்தாள். பிறகு நீல வீடுகளுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள், அவள் வீட்டுக்குத்தான் முதலில் போனது.

இப்போது எடை அத்தை காதுவலி ஆய்வில் இருக்கிறாள். அதே நான்கு தெருக்கள், முப்பத்தெட்டுக் குழந்தைகள். அவர்களில் இருபத்திரண்டு பேர் கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்தே ஆய்வில் இருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு நிறம்.