பேச்சித்தாய் வீட்டுக் கரடி

குற்றாலத்துக்கு மேலே மலைக்குடியிருப்பில் இருக்கும் பேச்சித்தாய்க்கு வயது நாற்பத்தாறு. காட்டு உயிர்களை அங்குள்ளவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: தின்னக்கூடியது, கண்டால் ஒதுங்க வேண்டியது, சொந்தம். கரடி இரண்டாவதில் சேர்ந்தது. ஆனால் ஓர் ஆளைக் கொன்றுவிட்டால் அவன் மூச்சு அதற்குள் போய்விட்டதாகக் கணக்கு. அந்தக் கரடி அந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். இன்னதுதான் என்று அடையாளம் சொல்லும் உரிமையும் அந்த வீட்டுக்கே. பிறர் வாய் திறக்கக் கூடாது.

போன வருஷம் தேனெடுக்கப் போன அவள் புருஷன் நல்லகண்ணுவைக் கரடி அடித்தது. சாகுமுன் அவன் வீசிய அரிவாள் அதன் இடது காதைக் கிழித்ததாக, உடன் போன ஆவுடையப்பன் வந்து சொன்னான். அதன்பிறகு பேச்சித்தாய் கரடி என்ற சொல்லையே எடுத்ததில்லை. அந்தி சாய்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். அவுக வந்துட்டாக என்று அடுப்பைத் தணிப்பாள். பயமாகத்தான் இருக்கும். வராத நாளில் அதைவிடப் பயமாக இருக்கும்.

ஆடியில் வனத்துறை வைத்த கூண்டில் ஒரு கரடி சிக்கியது. ஆளை அடித்தது இதுதான் என்றால் உயிரியல் பூங்காவுக்கு, இல்லையென்றால் திரும்ப மலைக்கு என்றார் வனவர் கோமதிசங்கர். குடியிருப்பே சுற்றி நின்றது. கிழிந்த காது எல்லார் கண்ணிலும் பட்டது. எல்லாரும் பேச்சித்தாயைப் பார்த்தார்கள்.

கம்பிக்குள்ளிருந்து அது பெருமூச்சு விட்டது. கட்டியவனைக் கூண்டோடு வண்டியேற்ற எவளுக்கு மனசு வரும்?

"இல்ல சார். இது வேற" என்றாள்.

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். பதினோராம் நாள், கிழங்கு தோண்டப் போன ஆவுடையப்பனைக் குற்றுயிராகத் தூக்கி வந்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அடித்தது காது கிழிந்த கரடி என்று அவனே சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் பெண்டாட்டி முத்துலட்சுமியும் கூண்டருகே நின்றவள்தான். வந்து மயிரைப் பிடித்து அறைவாள் என்று பேச்சித்தாய் வாசலிலேயே கிடந்தாள். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

காரியம் முடிந்த மூன்றாம் நாள், பொழுது சாய முத்துலட்சுமி வந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. பலாமரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"இனி எங்க வீட்டு ஆளும் அதுகூடத்தான வருவாக. எந்நேரத்துக்கு வருவாகக்கா?"

கூண்டைத் திறந்துவிட்ட நாளிலிருந்து அங்கே எதுவும் வரவில்லை. பேச்சித்தாய் எழுந்துபோய் அடுப்பைத் தணித்தாள்.